எஸ்ஸா, இசட்டா? பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கில் எந்த வடிவத்தைப் பிடிப்பது

ஐ.எல்.ஓ. எனப்படும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஆங்கில முழுப்பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். லேபர் என்ற சொல்லில் யு இருக்கிறது. அது பிரிட்டிஷ். அடுத்து வரும் ஆர்கனைசேஷனில் எஸ் இல்லை, இசட் இருக்கிறது. அது அமெரிக்கன் என்றுதான் நம்மில் பலர் படித்திருக்கிறோம். அப்படியானால் பெயரில் பாதி லண்டன், பாதி வாஷிங்டனா? இல்லை. முழுப்பெயரும் பிரிட்டிஷ்தான். இதற்கு ஆக்ஸ்போர்டு ஸ்பெல்லிங் என்று பெயர். உலக சுகாதார நிறுவனமும் யுனெஸ்கோவும் தங்கள் பெயரை இதே முறையில்தான் எழுதுகின்றன. நம் இஸ்ரோவும் டி.ஆர்.டி.ஓ.வும் அதே சொல்லை எஸ் போட்டு எழுதுகின்றன. அதுவும் பிரிட்டிஷ்தான்.

ஆகவே, "ஸ்பெல்லிங் பிரிட்டிஷாக இருக்கட்டும்" என்று பதிப்பகமோ கைடோ சொல்லிவிட்டால் முடிவு ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கேள்வி அங்கேதான் ஆரம்பிக்கிறது. கலர், சென்டர், டயர், செக் போன்றவற்றில் குழப்பமில்லை. பிரிட்டனில் ஒரே வடிவம்தான், அமெரிக்க வடிவத்தைத் தவிர்த்தால் போதும். பிரிட்டனுக்குள்ளேயே இரண்டு வடிவம் நடமாடும் சொற்கள்தான் ஆளைக் கவிழ்க்கும். ஆய்வேடு, அறிக்கை, ஆங்கிலத்தில் போகும் இணையதளம், மொழிபெயர்ப்பு நூல் என்று எதைத் தயாரிப்பவரும் இந்த இடத்தில் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

எழுத்துகளின் பெயர் பற்றி ஒரு ஒப்பந்தம். இங்கே டி என்றால் டாக்டரின் முதல் எழுத்து, டீ என்றால் டீக்கடையின் முதல் எழுத்து. இ என்பது இமெயிலின் இ. ஐ என்பது ஐ.பி.எல்.லின் ஐ.

இரண்டு கட்சிகள்

பெரிய பிளவு, ரியலைஸ், ஆர்கனைஸ், ரெகக்னைஸ் மாதிரி வினைச்சொற்களின் வால் ஐ-எஸ்-இயா, ஐ-இசட்-இயா என்பதில்.

இசட் கட்சியின் வாதம் வேர்ச்சொல் சார்ந்தது. இந்த விகுதி கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்தது, அங்கே இசட்தான், உச்சரிப்பும் இசட்தான், நடுவில் பிரெஞ்சுக்காரர்கள் எஸ் போட்டதற்காக ஆங்கிலம் ஏன் மாற வேண்டும் என்பார்கள். 1884 முதல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கிய ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் மரே இந்தப் பக்கம்தான். ஆக்ஸ்போர்டு அச்சகத்தில் அச்சுக்கோப்பவர்களுக்காக 1893இல் ஹொரேஸ் ஹார்ட் தொகுத்த விதிப்புத்தகமும் இதையே சொன்னது. லண்டனின் தி டைம்ஸ் நாளிதழ்கூட 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இசட் போட்டுத்தான் எழுதியது. இசட் வடிவம் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியானது என்பது வெறும் கட்டுக்கதை. அமெரிக்கா 1776இல் சுதந்திரம் அறிவிப்பதற்கு வெகு முன்பே இங்கிலாந்தில் அது புழக்கத்தில் இருந்தது.

எஸ் கட்சியின் வாதம் சுருக்கமானது: எல்லாவற்றுக்கும் எஸ் போட்டுவிடு, மனப்பாடப் பட்டியல் வேண்டாம். இன்றைய பிரிட்டனில் இதுதான் பெரும்பான்மை. தி கார்டியன், பிரிட்டிஷ் அரசின் இணையதளம், ஐரோப்பிய ஆணையத்தின் ஆங்கில நடைக்கையேடு எல்லாம் எஸ் பக்கம். இந்தியாவிலும் அரசு வழக்கு பெரும்பாலும் இதுவே. மொழிவழி மாநிலங்களைப் பிரித்த 1956ஆம் ஆண்டின் மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் பெயரிலேயே எஸ்தான் இருக்கிறது.

வேர்ச்சொல் வாதத்தில் இசட் கட்சிக்கே வலு அதிகம். ஆனால் தேர்வு செய்யப்போகிறவருக்கு வேர்ச்சொல் அவ்வளவு முக்கியமில்லை. செய்த தவறைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் முக்கியம். அந்தக் கணக்கில் இரண்டும் சமமே இல்லை.

எந்தத் தவறைப் பிடிக்க முடியும்

எஸ் முறையைத் தேர்ந்தெடுத்து 200 பக்கம் எழுதி முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேர்டில் கண்ட்ரோல்-எஃப் அழுத்தி ஐ-இசட் என்ற இரண்டு எழுத்தை மட்டும் தேடுங்கள். தப்பி நுழைந்த எல்லா இசட்டும் வரிசையாக வந்து நிற்கும். கூடவே வரும் நியாயமான சொற்கள் கொஞ்சம்தான்: சைஸ், பரிசு என்ற பொருளில் பிரைஸ், பறிமுதல் செய்வதைச் சொல்லும் சீஸ், படகு கவிழும் கேப்சைஸ், மக்காச்சோளத்துக்கான மேஸ், சிட்டிசன், ஹொரைசன், பிரேசில். இவை எந்தக் கட்சியிலும் இசட்தான், கண்ணை ஓட்டிவிட்டுப் போகலாம். கால் மணி நேர வேலை.

இசட் முறையை எடுத்தால், தப்பி நுழைந்த எஸ்ஸைத் தேட வேண்டும். ஐ-எஸ் என்று தேடினால் ஆங்கிலத்தில் வரிக்கு வரி வரும் குட்டிச் சொற்களெல்லாம் கொட்டும். ஐ-எஸ்-இ என்று மூன்று எழுத்தாகத் தேடினாலும் எக்சர்சைஸ், அதர்வைஸ், நாய்ஸ், பிரிசைஸ், பாரடைஸ், எக்ஸ்பர்ட்டீஸ் என்று மாற்றக்கூடாத சொற்கள் ஆயிரம். ஒவ்வொன்றிலும் நின்று யோசித்துத்தான் போக வேண்டும்.

யோசிப்பதும் சுலபமில்லை. ஆக்ஸ்போர்டு முறையிலும் எஸ்ஸை விடவே கூடாத வினைச்சொற்கள் இரண்டு டஜன் இருக்கும். அவற்றில் அந்த எஸ் விகுதியில்லை, வேரின் பகுதி. குடும்பம் குடும்பமாகப் பிரித்துக்கொண்டால் நினைவில் நிற்கும். 'பார்த்தல்' என்ற வேரிலிருந்து வந்தவை அட்வைஸ், ரிவைஸ், சூப்பர்வைஸ், டெலிவைஸ், இம்ப்ரொவைஸ். 'வெட்டுதல்' வேரிலிருந்து இன்சைஸும் சர்கம்சைஸும். 'எடுத்தல்' வேரிலிருந்து சர்ப்ரைஸ், காம்ப்ரைஸ், என்டர்பிரைஸ். 'அனுப்புதல்' வேரிலிருந்து பிராமிஸ், காம்ப்ரமைஸ். இவற்றோடு அட்வர்டைஸ், டெஸ்பைஸ், எக்சர்சைஸ், ஃபிரான்சைஸ், மெர்ச்சன்டைஸ், டிஸ்கைஸ். இவற்றில் எதற்கு இசட் போட்டாலும் பிரிட்டனில் அது பிழை.

சிலர் ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: வாலை வெட்டிப் பார், மிச்சம் ஒரு முழுச்சொல் இருந்தால் இசட். ரியல், மாடர்ன், பப்ளிக், கிரிட்டிக் வரை இது வேலை செய்யும். கிரிட்டிசைஸைப் பார்த்து 'வெட்டுதல்' குடும்பம் என்று ஏமாறாமல் இருக்கவும் உதவும். ஆனால் அட்வர்டைஸில் வாலை வெட்டினால் அட்வர்ட் என்று பிரிட்டனில் தினமும் புழங்கும் சொல் மிஞ்சுகிறது. இருந்தும் அங்கே எஸ்தான். மறுபக்கம் ரெகக்னைஸில் வாலை வெட்டினால் எதுவும் மிஞ்சுவதில்லை, இருந்தும் இசட். குறுக்குவழி பாதி தூரம்தான் கொண்டுபோய் விடும்.

அடுத்த பள்ளம் அனலைஸ். ஆக்ஸ்போர்டு முறை என்று சொல்லிக்கொண்டு அனலைஸ், பேரலைஸ், கேட்டலைஸ் ஆகியவற்றிலும் இசட் போடுகிறவர்கள் ஏராளம். இவற்றில் வருவது ஒய்-க்குப் பின்னால் உள்ள எஸ். அனாலிசிஸ், பேராலிசிஸ் என்ற பெயர்ச்சொற்களின் எஸ்ஸேதான் அது. இங்கே இசட் போட்டால் அது ஆக்ஸ்போர்டு இல்லை, சுத்த அமெரிக்கன். நல்லவேளையாக இதைப் பிடிப்பது சுலபம்: ஒய்-இசட் என்று தேடினால் போதும். பிரிட்டிஷ் முறையில் எழுதிய பிரதியில் பைசன்டைன் போன்ற சொல்லோ ஏதாவது பிராண்ட் பெயரோ தவிர ஒன்றும் சிக்கக்கூடாது.

'ரிப்ளேஸ் ஆல்' பொத்தானை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். எஸ்ஸை எல்லாம் ஒரே அடியாக இசட் ஆக்கினால் பிராமிஸும் சர்ப்ரைஸும் கெடும். பின்விகுதி சேர்த்து ஐ-எஸ்-ஏ-டீ-ஐ-ஓ-என் என்று நீளமாகத் தேடினால் ஆபத்து குறையும். அங்கேயும் இம்ப்ரொவைசேஷன் மட்டும் எஸ்ஸோடு நின்றாக வேண்டும்.

வேர்டு உதவாதா என்றால், உதவாது. மொழியை இங்கிலிஷ் யுனைடெட் கிங்டம் என்று வைத்தாலும் ரியலைஸின் இரண்டு வடிவத்தையும் அது சரி என்றே ஏற்கும். ஒரு பக்கத்தில் எஸ், அடுத்த பக்கத்தில் இசட் என்று கலந்து எழுதினாலும் சிவப்புக் கோடு வராது. லினக்ஸில் உள்ள ஆஸ்பெல் போன்ற கருவிகளில் எஸ் பட்டியல், இசட் பட்டியல் என்று பிரிட்டிஷ் அகராதியே இரண்டாகக் கிடைக்கும். ஒன்றை மட்டும் ஏற்றினால் மற்றதைப் பிழை என்று காட்டும். ஆக்ஸ்போர்டு முறையில் எழுதியே ஆக வேண்டியவர்களுக்கு அதுதான் வழி.

ஆகவே எங்கள் பரிந்துரை: பத்திரிகையோ பதிப்பகமோ இசட் கேட்டாலொழிய எஸ்ஸையே எடுங்கள். ஐ.நா. அமைப்புக்கு அறிக்கை, ஆக்ஸ்போர்டு பதிப்பகத்துக்குப் புத்தகம், நேச்சர் இதழுக்குக் கட்டுரை என்றால் இசட். பிரிட்டிஷ் அரசு, பிரிட்டிஷ் நாளிதழ், ஐரோப்பிய ஒன்றியம், இந்திய அரசு, இந்தியப் பத்திரிகை என்றால் எஸ். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு எழுதுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். அமெரிக்க வடிவத்தையும் ஏற்பார்கள். கலக்காமல் எழுதினால் போதும்.

சொல்லுக்குச் சொல் முடிவு

எஸ், இசட் முடிந்தபின் மிஞ்சுவது உதிரிச் சொற்கள். இவற்றில் சில, உண்மையில் பொருள் வேறுபாட்டைத் தாங்கி நிற்பவை.

ஜட்ஜ்மென்டில் ஜி-க்குப் பின்னால் இ வேண்டுமா? பொதுவான 'தீர்மானம், பகுத்தறிந்து எடுக்கும் முடிவு' என்ற பொருளில் ஆக்ஸ்போர்டு அகராதி இ-யோடு உள்ள வடிவத்தை முன்னால் வைக்கிறது. நீதிமன்றத் தீர்ப்பு என்றால் பிரிட்டனில் இ கிடையாது. நம் உச்ச நீதிமன்றத்திலும் அப்படியே. சட்டமும் பொதுக்கருத்தும் கலந்து வரும் பிரதியில் இரண்டு வடிவத்தையும் பொருளுக்கேற்ப மாற்றி மாற்றிப் போடுவது தத்துவப்படி சரி, நடைமுறையில் தொல்லை. பிழைதிருத்துபவர் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுவார். சட்டம் சார்ந்த பிரதி என்றால் முழுக்க இ இல்லாமல் எழுதிவிடுவது மேல். தி கார்டியன் எல்லா இடத்திலும் அப்படித்தான் எழுதுகிறது. அக்னாலெட்ஜ்மென்ட், ஏஜிங் ஆகியவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. பிரிட்டனில் இ-யை விடாமல் எழுதுவதுதான் பெருவழக்கு.

என்கொயரி இ-யில் தொடங்கினால் சாதாரண விசாரிப்பு, ஐ-யில் தொடங்கினால் முறையான விசாரணை. நம் ரயில் நிலையங்களில் 'வண்டி எத்தனை மணிக்கு' என்று கேட்கும் ஜன்னலுக்கு மேலே இ-யில் எழுதியிருப்பது இந்தக் கணக்கில் சரியே. பிரிட்டனில் விசாரணை ஆணையங்களுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர் ஐ-யில் தொடங்குகிறது. இந்த வேறுபாடு பயனுள்ளது, வைத்துக்கொள்ளலாம்.

டெஸ்பாட்ச் கதை வேறு. டி-க்குப் பின்னால் இ-யா ஐ-யா? பொருளில் துளி வேறுபாடு இல்லை. ஐ-தான் பழையது. 1755இல் வந்த சாமுவேல் ஜான்சன் அகராதியின் தலைச்சொல்லில் எப்படியோ இ நுழைந்துவிட்டது. ஜான்சன் தம் சொந்த எழுத்தில் ஐ போட்டே எழுதியவர். அந்தச் சறுக்கல் 270 ஆண்டுகளாக உயிரோடு இருக்கிறது. நம் அரசு அலுவலகங்களில் தபால் அனுப்பும் பிரிவின் பலகைகளில் இ-தான் அதிகம் கண்ணில் படும். புதிதாக எழுதுகிறவர் ஐ-யைத் தேர்ந்தெடுக்கலாம். பிரிவின் அதிகாரப்பூர்வப் பெயர் இ-யில் இருந்தால் பெயரைத் திருத்தக்கூடாது.

புரோகிராமில் தொலைக்காட்சி நிகழ்ச்சி, பயிற்சித் திட்டம், விழா நிகழ்ச்சிநிரல் எல்லாம் எம்-எம்-இ என்று முடியும். கணினி நிரல் மட்டும் ஒற்றை எம்மில் நிற்கும். டிஸ்க்கும் இப்படியே: சி.டி., முதுகெலும்பு வட்டு என்றால் கடைசியில் சி. ஹார்டு டிஸ்க் என்றால் கே. பொருளுக்கொரு வடிவம் என்பதால் இரண்டும் ஒரே பக்கத்தில் வரலாம், அது முரண்பாடு இல்லை. டிராஃப்ட்டும் அப்படித்தான். எழுதிய வரைவு என்றால் எஃப்-டீ. பீப்பாயிலிருந்து பிடிக்கும் பீர், வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன் என்றால் யு-ஜி-எச்-டீ.

லைசென்ஸும் பிராக்டிஸும் மாற்று வடிவங்கள் இல்லை, இலக்கணம். பெயர்ச்சொல்லுக்கு சி, வினைச்சொல்லுக்கு எஸ். சந்தேகம் வந்தால் அட்வைஸை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே பெயருக்கும் வினைக்கும் உச்சரிப்பே மாறுவதால் காதே சொல்லிக்கொடுக்கும். வண்டி ஓட்டும் லைசென்சுக்கு சி. ஆனால் லைசென்ஸ்டு என்ற வடிவம் வினையிலிருந்து வருவதால் எப்போதும் எஸ். 'லைசென்ஸ்டு சர்வேயர்' பலகையில் சி போட்டிருந்தால் அது பிழை.

எல் இரட்டிப்பது தனிக் கூத்து. மற்ற மெய்யெழுத்துகளுக்கு விதி எளிது: அழுத்தம் கடைசி அசையில் விழுந்தால் இரட்டிக்கும், இல்லாவிட்டால் இல்லை. ரெஃபர் இறந்தகாலத்தில் இரண்டு ஆர் வாங்கும். பெனிஃபிட், டார்கெட், பட்ஜெட் இரண்டு டீ வாங்காது. ஃபோகஸுக்கு ஒரு எஸ் போதும். இரண்டு எஸ் போட்ட ஃபோகஸ்டு பிரிட்டிஷ் அகராதிகளில் மாற்றாக இருக்கிறது. பிழையில்லை, ஆனால் எடுக்கத் தேவையில்லை. எல் மட்டும் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. டிராவல், கேன்சல், லேபல், மாடல் எல்லாம் விகுதி சேர்ந்ததும் இரட்டிக்கும். பேரலல் மட்டும் விலக்கு, ஏற்கெனவே எல் நிரம்பி வழிகிறது.

இதன் தலைகீழ் இன்னும் வேடிக்கை. பிரிட்டனில் ஃபுல்ஃபில், என்ரோல், இன்ஸ்டில் ஆகியவை ஒற்றை எல்லில் முடியும். ஸ்கில்லுக்கு இரண்டு எல், ஃபுல்லுக்கு இரண்டு எல். சேர்ந்து ஸ்கில்ஃபுல் ஆனால் ஆளுக்கு ஒன்றுதான். வங்கிக் கடன் வாங்கியவர் எல்லோருக்கும் தெரிந்த இ.எம்.ஐ.யின் ஐ எது? இன்ஸ்டால்மென்ட். பிரிட்டிஷ் முறையில் அதற்கு ஒரு எல். மென்பொருளை இன்ஸ்டால் செய்வதற்கு இரண்டு எல்.

யு போடும் சொற்களில் தவறுவது அமெரிக்க வடிவத்தால் அல்ல, அளவுக்கு மீறிய பிரிட்டிஷ் பக்தியால். ஹியூமருக்கு யு உண்டு, ஹியூமரஸுக்குக் கிடையாது. விகர், ரிகர், கிளாமர் ஆகியவற்றுக்கு யு உண்டு. விகரஸ், ரிகரஸ், கிளாமரஸில் போய்விடும். ஹானர் யு-வோடு, ஹானரரி இல்லாமல். லத்தீன் விகுதி ஒட்டினால் யு உதிரும். ஃபுல், ஏபிள், லெஸ் போன்றவை ஒட்டினால் நிற்கும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஹியூமரஸில் யு போடுவது அடிக்கடி கண்ணில் படுகிற பிழை.

லேர்ன், பேர்ன், டிரீம், ஸ்பெல், ஸ்பில், ஸ்பாயில் ஆகியவற்றின் இறந்தகாலம் டீ-யில் முடியலாம், இ-டி-யிலும் முடியலாம். பிரிட்டனில் இரண்டும் நடக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லாவற்றுக்கும் அதையே பிடியுங்கள். நாங்கள் டீ பக்கம். காரணம், நீதிமன்றத்தில் 'என் கற்றறிந்த நண்பர்' என்னும்போது வரும் லேர்னட் என்ற பெயரடை இ-டி-யில்தான் முடியும், வினை டீ-யில் இருந்தால் இரண்டும் மோதாது. ஆனால் இந்த ஜோரில் ஏர்ன் என்ற சொல்லையும் டீ-யில் முடித்துவிடாதீர்கள். அதற்கு இ-டி மட்டும்தான்.

சிறையைக் குறிக்கும் ஜெயிலை ஜி-ஏ-ஓ-எல் என்று எழுதும் பழைய வடிவத்தை விட்டுவிடலாம். டப்ளினில் உள்ள கில்மெய்ன்ஹாம் போன்ற வரலாற்றுப் பெயர்களில் மட்டும் அது தொடரும். நடு இரண்டு எழுத்து இடம் மாறினால் கோல் ஆகிவிடும். ஸ்பெல்செக் வாயே திறக்காது. கனெக்‌ஷனை எக்ஸ் போட்டு எழுதுவதும் போய்விட்டது, பிரிட்டனின் மெதடிஸ்ட் திருச்சபை தன் அமைப்பைக் குறிக்க மட்டும் அதை வைத்திருக்கிறது. விஸ்கி ஸ்காட்லாந்துடையது என்றால் கே-க்குப் பின்னால் இ இல்லை, அயர்லாந்துடையது என்றால் உண்டு. மாற்றினால் ரசிகர்கள் விடமாட்டார்கள்.

நம் பப்படம் பிரிட்டிஷ் அகராதிகளில் ஒரு ஸ்பெல்லிங்கில் அடங்காமல் ஓ, யு, ஏ என்று உயிரெழுத்தை மாற்றி மாற்றிப் பல வடிவங்களில் கிடக்கிறது. உணவு நூல் எழுதுகிறவர்கள் எதையாவது ஒன்றை எடுத்துக்கொண்டு நகர வேண்டியதுதான். மிளகாய்க்கு மட்டும் பிரிட்டனில் உறுதியாக இரண்டு எல்.

மருத்துவமும் வேதியியலும்

இங்கே பழைய பிரிட்டிஷ் வடிவத்தைப் பிடித்துத் தொங்குவது ஆபத்து. பிரிட்டிஷ் அறிவியலாளர்களே பலவற்றை மாற்றிக்கொண்டுவிட்டார்கள்.

சல்பருக்கு நடுவில் பி-எச் என்பது பொதுப் பிரிட்டிஷ் வழக்கு. ஆனால் வேதியியலின் பன்னாட்டு அமைப்பான ஐயுபேக் 1990இல் எஃப் வடிவத்தை எடுத்துக்கொண்டது. பிரிட்டனின் ராயல் வேதியியல் கழகம் 1992இல் பின்தொடர்ந்தது. ஆகவே வேதியியல் ஆய்வேட்டில் மற்றதெல்லாம் பிரிட்டிஷாக இருந்தாலும் சல்பர், சல்பேட், சல்பைடு எல்லாம் எஃப்தான். அந்த உற்சாகத்தில் பாஸ்பரஸைத் தொடாதீர்கள். அதன் பி-எச் கிரேக்க வேரிலிருந்து வந்தது, எந்த நாட்டிலும் மாறாது. அதே ஐயுபேக் அலுமினியத்தில் பிரிட்டிஷ் வடிவத்தையும் சீசியத்தில் ஏ-இ-யையும் முன்வைக்கிறது. இங்கே கட்சி பார்த்துப் பயனில்லை, பட்டியலைப் பார்க்க வேண்டும்.

கருவைக் குறிக்கும் ஃபீட்டஸில் ஓ-இ போடுவதுதான் பிரிட்டிஷ் என்று பலர் நம்புகிறார்கள். லத்தீன் மூலத்திலேயே ஓ கிடையாது. பிரிட்டிஷ் மருத்துவ இதழ்கள் இப்போது வெறும் இ-யோடுதான் எழுதுகின்றன. ஆனால் அனீமியா, ஹீமோகுளோபின், பீடியாட்ரிக்ஸ், டயரியா ஆகியவற்றில் ஏ-இ, ஓ-இ அப்படியே இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனுக்கு பிரிட்டனில் இன்னும் முன்னால் ஓ உண்டு. எஸ்ட்ராடையால் என்று மருந்தாக எழுதும்போது ஓ இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992 உத்தரவு, மருந்துப் பெயர்களை உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் பெயர்ப்பட்டியலுக்கு மாற்றச் சொன்னதன் விளைவு இது. செஃபலெக்சினில் பி-எச் போய் எஃப் வந்ததும் அதனால்தான். ஒரே பத்தியில் ஹார்மோன் ஓ-வோடும் மருந்து ஓ இல்லாமலும் வந்தால் பிழைதிருத்துபவர் ஒன்றைப் 'பொதுமைப்படுத்த' வருவார். ஓரத்தில் முன்கூட்டியே ஒரு குறிப்பு எழுதி வைத்துவிடுங்கள்.

தொடக்கூடாத இடங்கள்

பெயர்கள், மேற்கோள்கள், நூல் தலைப்புகள் மூன்றும் எந்தக் கட்சிக்கும் கட்டுப்பட்டவை அல்ல. எஸ் முறையில் எழுதினாலும் உலக சுகாதார நிறுவனத்தின் பெயரில் இசட். இசட் முறையில் எழுதினாலும் இஸ்ரோவின் பெயரில் எஸ். பாரிஸில் உள்ள ஓ.இ.சி.டி.யின் பெயரில் எஸ்ஸும் உண்டு, கோ-ஆபரேஷனில் ஹைஃபனும் உண்டு. ஆஸ்திரேலியாவில் லேபருக்கு யு போட்டே எழுதுவார்கள், ஆனால் அந்நாட்டு லேபர் கட்சியின் பெயரில் யு இல்லை. அமெரிக்காவின் பேர்ல் ஹார்பருக்கும் இல்லை. ஹோமியோபதியைப் பொது வழக்கில் எம்-ஓ-வுக்குப் பதிலாக, ஓ-இ இருக்கும் இடத்தில் வெறும் இ போட்டு எழுதலாம். இந்தியாவின் 2020ஆம் ஆண்டு தேசிய ஆணையச் சட்டத்தின் பெயரில் ஓ-இ இருக்கிறது, அதை விடக்கூடாது.

கணினி நிரல்களும் இந்தப் பட்டியலில் சேரும். இணையப்பக்க வடிவமைப்பில் பயன்படும் சி.எஸ்.எஸ்.இல் கலர் என்ற கட்டளைக்கு யு போட்டால் நிறமே வராது. அதே சி.எஸ்.எஸ். சாம்பல் நிறப் பெயரை மட்டும் ஏ, இ இரண்டு வடிவத்திலும் ஏற்கும், அது ஒரு சலுகை. நிரல் துண்டுகள் உள்ள கையேட்டில் மொத்தமாகத் திருத்தம் செய்தால் நிரல் உடையும்.

வேலையைச் செய்யும் வரிசை

முதல் வரி எழுதுவதற்கு முன்பே ஒரு தாளில் ஸ்டைல் ஷீட் தொடங்குங்கள். மேலே ஒரே வரியில் கட்சி: எஸ் அல்லது இசட். அதற்குக் கீழே எந்த அகராதி. பிறகு அகரவரிசைப்படி கட்டங்கள் போட்டு, சந்தேகம் வந்த சொல் ஒவ்வொன்றையும் முடிவு எடுத்த அன்றே எழுதுங்கள். முடிவுக்குக் காரணம் எழுத வேண்டாம், வடிவம் மட்டும். ஒரு நடுத்தர நூலுக்கு ஐம்பது அறுபது சொற்கள் சேரும். கோ-ஆர்டினேட்டுக்கு ஹைஃபன் உண்டா, மீடியீவலில் ஏ உண்டா என்பதெல்லாம் இதில்தான் வரும்.

அடுத்து வேர்டில் கண்ட்ரோல்-ஏ அழுத்தி முழு ஆவணத்தையும் தேர்ந்தெடுத்து, ரிவியூ மெனுவில் லாங்குவேஜ் போய், ப்ரூஃபிங் மொழியை யுனைடெட் கிங்டம் ஆக்குங்கள். அதே பெட்டியில் 'ஸ்பெல்லிங்கைப் பார்க்காதே' என்ற குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். இதை ஒருமுறை செய்தால் போதாது. வேறு கோப்பிலிருந்து வெட்டி ஒட்டிய பத்தி தன் பழைய மொழியையும் சுமந்துகொண்டு வரும். அந்தப் பத்தியில் மட்டும் அமெரிக்க வடிவத்துக்குக் கோடு விழாது. பல ஆசிரியர்கள் எழுதிய தொகுப்பு என்றால் எல்லாம் ஒட்டி முடித்தபின் மறுபடி கண்ட்ரோல்-ஏ.

கடைசியில் தேடல்கள். முதலில் ஒய்-இசட். எஸ் கட்சி என்றால் அடுத்து ஐ-இசட். பிறகு ஓ-யு-ஆர்-ஓ-யு-எஸ், ஹியூமரஸில் நுழைந்த யு இதில் சிக்கும். அதன்பின் ஸ்டைல் ஷீட்டில் உள்ள ஒவ்வொரு சொல்லின் *நிராகரித்த* வடிவத்தைத் தேடுங்கள். ஏற்றுக்கொண்ட வடிவத்தைத் தேடி ஒரு பயனும் இல்லை. தேடல் முடிவுகளைப் பக்கவாட்டுப் பட்டியலில் மட்டும் பார்த்துத் திருத்தாமல், ஒவ்வொன்றுக்கும் போய்ச் சுற்றியுள்ள வரியைப் படித்துவிட்டுத் திருத்துங்கள். மேற்கோள் குறிக்குள் இருப்பதும் நிறுவனப் பெயரில் இருப்பதும் அப்போதுதான் தெரியும். அடிக்குறிப்புகளையும் பட விளக்கங்களையும் தலைப்பு வரிகளையும் தனியாக ஒருமுறை கண்ணால் பாருங்கள். படத்துக்குள் எழுத்தாக அச்சான சொற்களைத் தேடல் எட்டாது. வரைபட அச்சில் சல்பர் பி-எச்சோடு அப்படியே இருந்துவிடும்.